கைராசியும் கொடி ரோஜாவும்

ரோஜாவைப் பற்றிக் கருத்துரைக்கச் சங்கரன்கோவில்காரனுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடியுமுன் எங்கள் ஊர்ப் பூச்சந்தைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து இறங்குவன மல்லிகையும் பிச்சியும். (வடக்கே ஜாதிமல்லி எனப்படுவதைத்தான் நாங்கள் பிச்சி என்கிறோம். பெயரைச் சொன்னால் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொள்ளட்டும்.) ரோஜா எங்களுக்கு விருந்தாளிப் பூ. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி எங்களுடையது. சித்திரையில் வெயில் 40 பாகையை நெருங்கும். அத்தகைய ஊர்க்காரன் கடுங்குளிர் நாட்டில் கொடி ரோஜா வளர்ப்பதைப் பற்றி எழுதப் புகுவது சற்று வேடிக்கைதான். ஆயினும் கரிசலிலும் பனியிலும் ரோஜா ஏறத்தாழ ஒரே காரணத்தால் சாவதைக் கண்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்தக் காரணத்துக்குக் 'கைராசி' என்று பெயர் வைத்து இரண்டு பெண்களை வருத்தியதையும் கண்டிருக்கிறேன். எழுதுவது அதனால்தான்.

முதலில் சித்தி. என் தாயாரின் தங்கை. சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து ஊர் அமைதியானபின் தெருவில் ரோஜாச் செடி விற்பவர் வருவார். கறுப்புப் பாலித்தீன் பையில் முழம் உயரச் செடி. உச்சியில் உள்ளங்கையளவு சிவப்புப் பூ. சித்தி ஒவ்வோர் ஆண்டும் ஒன்று வாங்குவார். மார்கழி வரை அது இரண்டொரு பூக்கள் தரும். பங்குனியில் இலை சுருளும். சித்திரையில் மேற்பகுதி கருகும். பிறகு அடியிலிருந்து வேறு மாதிரி இலையோடு ஒரு குச்சி வளரும். சித்தி அதைக் 'காட்டுமுள்' என்று பிடுங்கி எறிவார். கோவில் புற்றுமண்ணைக் கொணர்ந்து செடியின் தூரில் இட்டுப் பார்த்தார். அரிசி கழுவிய நீரூற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ, உறவினர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலையை மடித்தபடியே, "அவ கையிலெ எதுதான் தங்கிச்சு, செடி தங்கதுக்கு?" என்றார். அதன்பின் சித்தி எதையும் நட்டதில்லை. துளசி மாடத்துக்குக்கூட வேறு யாராவதுதான் நாற்று வைத்துக் கொடுக்கவேண்டும்.

இரண்டாமவர் சித்தியின் மகள், என் தங்கை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடாவில், ஒட்டாவா நகரில் வாழ்கிறாள். வீட்டு முகப்பில் மர வளைவு ஒன்று அமைத்து, அதில் மஞ்சள் நிறக் கொடி ரோஜாவைப் படரவிட வேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை. பெரிய கடையொன்றில் வாங்கி நட்டாள். முதற்குளிரில் தண்டு முழுதும் கறுத்துப்போயிற்று. வேறொன்று வாங்கி நட்டாள்; அதுவும் போயிற்று. மூன்றாவதைச் சாக்குச் சுற்றி, வைக்கோல் அடைத்து, குழந்தையைப் போல் போர்த்தினாள். அது பிழைத்தது. மே மாதத்தில் அடியிலிருந்து தழைத்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் பூத்தது. மஞ்சளாக அன்று, கொத்துக் கொத்தாகச் சிறிய வெள்ளைப் பூக்களாக. நான் அப்போது அவள் வீட்டில் இருந்தேன். "நிறங்கூட மாறிப்போச்சு அண்ணே. என் கையிலெ ரோசா தங்காது. அம்மாவுக்கும் அப்படித்தானே" என்றாள். பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அந்தத் திண்ணைப் பேச்சு வந்து சேர்ந்திருந்தது.

ரோஜாச் செடியின் பக்கத்தில் வைத்துக் கைராசி என்ற சொல்லை உச்சரிக்கக்கூடாது என்பது என் கட்சி. அதை நிறுவுவதற்குக் கொஞ்சம் தாவரவியல் பேசவேண்டும், நண்பர்கள் பொறுத்தருள்க.

அந்த வெள்ளைப் பூவில் மாயம் ஒன்றுமில்லை. கடையில் கிடைக்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். கீழே வேர் ஒரு முரட்டு இனத்தைச் சேர்ந்தது. மேலே மொட்டு ஒட்டி வளர்த்த பகுதிதான் நாம் காசு கொடுத்து வாங்கும் அழகிய இனம். குளிரில் மேற்பகுதி செத்தால் வேர்ச்செடி தன் சொந்த உருவில் எழுந்து வருகிறது. வட அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வேர்ச்செடியாகப் பயன்படும் 'மல்டிஃப்ளோரா' என்னும் இனத்தின் பூ, சிறிய வெள்ளைக் கொத்துப் பூதான். என் தங்கை போர்த்திக் காத்தது அந்த வேரை. சித்தி காட்டுமுள் என்று பிடுங்கியதும் அதுபோன்ற ஒரு வேர்ச்செடியாகத்தான் இருந்திருக்கவேண்டும். குளிர் நாடுகளில் ஒட்டுப்போட்ட முடிச்சைத் தரைமட்டத்துக்குச் சில அங்குலம் கீழே புதைத்து நடச் சொல்வது இதனால்தான். முடிச்சு மண்ணுக்குள் இருந்தால் மேலே எல்லாம் கருகினாலும் உரிய இனமே மீண்டும் துளிர்க்கும். காலப்போக்கில் அதுவே தன் வேரையும் விட்டுக்கொள்ளும். என் தங்கைக்குச் செடி விற்ற கடையில் இதைச் சொல்லவில்லை.

(இந்த இடத்தில் புலம்பெயர்ந்தோர், சொந்த வேர், ஒட்டு வாழ்வு என்று ஓர் உவமையை நீட்ட ஆசை எழும். அடக்கிக்கொள்கிறேன். செடியைச் செடியாகப் பார்க்காததால்தான் இவ்வளவு தொல்லையும் வந்தது.)

மற்ற ரோஜாக்களைவிடக் கொடி ரோஜாவுக்குக் குளிர் அதிகப் பகை. ஏன் என்று பார்க்கலாம். கொடி என்று சொல்கிறோமே தவிர, அது முல்லையைப் போன்ற கொடியன்று. சுற்றி ஏறத் தெரியாது, பற்றுக்கம்பியும் கிடையாது. நீண்டு வளரும் தண்டு, கொக்கி போன்ற முட்களால் அண்டை மரத்தில் மாட்டிக்கொண்டு மேலே செல்லும், அவ்வளவே. ஆகவே பாரி தேரை விட்டுச் சென்றாலும் ரோஜாவுக்குப் பயனில்லை. இறங்கி வந்து கட்டியும் விடவேண்டும். நேராக நிமிர்த்திக் கட்டினால் உச்சியில் மட்டும் பூக்கும். தண்டைக் கிடைமட்டமாக வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக் கிளை வெடித்துப் பூ வரும். அந்தப் பக்கக் கிளைகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் தண்டிலிருந்தே கிளைக்கின்றன. இங்கேதான் சிக்கல். புதர் ரோஜா குளிரில் தரைவரை கருகினாலும் கவலையில்லை. புதுத் தண்டு விட்டு அதே கோடையில் பூத்துவிடும். கொடி ரோஜாவின் பழைய தண்டு செத்தால், வேர் உயிரோடிருந்தும் அந்த ஆண்டு பூ மிகக் குறைவு; ஆண்டுக்கொரு முறை பூக்கும் இனமாயின் அறவே இல்லை. இப்படி ஆண்டுதோறும் நடந்தால் கிடைப்பது பூக்காத முட்புதர் ஒன்றுதான். ஆகவே குளிர் நாட்டில் கொடி ரோஜா வளர்ப்பது என்றால், ஆறேழு அடித் தண்டு முழுவதையும் உயிரோடு வசந்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பொருள்.

ஒட்டாவாவில் தை மாதத்தில் மைனஸ் 25 பாகைக்குக் கீழேயும் இறங்குவது உண்டு. அந்தக் குளிரில் முதலில் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் நீர் உறைகிறது. அந்தப் பனிப்படிகம் அணுவுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்கிறது. அணு வறண்டு சுருங்குகிறது. தாங்கும் இனமென்றால் வசந்தத்தில் மீள்கிறது, தாங்காததென்றால் சாகிறது. அதாவது குளிர்ச்சாவு என்பது பெருமளவு தாகச்சாவுதான். போதாக்குறைக்கு, மாசி வெயிலும் வறண்ட காற்றும் தண்டிலிருந்து நீரை உறிஞ்சும்போது, உறைந்த மண்ணிலிருந்து வேரால் ஒரு சொட்டும் எடுக்க இயலாது. சித்தியின் செடி சித்திரை வெயிலில் செத்ததற்கும் மகளின் செடி மாசிப் பனியில் செத்ததற்கும் இடையே நான் நினைத்திருந்த அளவு தொலைவில்லை.

தப்பிக்க வழிகள் உண்டு. ஆகஸ்டு மாதத்தோடு தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடவேண்டும். அதன்பின் இளந்தளிர் விட்டால் அது முற்றாமலே பனிக்கு இரையாகும். கடைசிப் பூக்களைக் கொய்யாமல் காயாக விட்டால் செடி உறக்கத்துக்குத் தயாராகும். மண் உறையுமுன் தூரைச் சுற்றி ஓரடி மண் குவிக்கலாம். பிளாஸ்டிக் தாள் மட்டும் கூடவே கூடாது. பகலில் உள்ளே வெம்பி இரவில் உறையும். எல்லாவற்றிலும் வியப்பானது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தாரின் முறை. இலையுதிர்காலத்தில் செடியின் ஒரு பக்கத்து வேரைத் தளர்த்தி, தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, முழுச் செடியையும் பக்கவாட்டில் சாய்த்துப் பள்ளத்தில் கிடத்தி மண்ணிட்டு மூடி, மேலே சருகு பரப்பிவிடுகிறார்கள். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துகிறார்கள். முதன்முறை இதைப் படித்தபோது என் மனத்தில் எழுந்த காட்சியை எழுத மனமில்லை. ஆனால் செடி பிழைக்கிறது. மண்ணுக்கும் பனிப்போர்வைக்கும் அடியில் வெப்பநிலை பூச்சியத்துக்கு வெகு கீழே போவதில்லை.

இந்த முறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓய்வும் முதுகுவலியின்மையும் வாய்த்தவர்களுக்கே அவை ஆகும். இரண்டு வேலை பார்த்து, பனியில் பேருந்துக்கு நின்று வீடு திரும்பும் பெண்ணிடம் போய், 'அக்டோபரில் ரோஜாவைப் புதை, ஏப்ரலில் தோண்டு' என்று சொல்வது அறமாகாது. புலம்பெயர்ந்த தோட்டக்கார நண்பர்கள் ஆண்டுதோறும் போர்த்தும் முறைகளையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதைப் போர்த்துகிறோம் என்ற கேள்வி எழுவதில்லை. பிழை போர்வையில் இல்லை, செடியின் பிறப்பில் இருக்கிறது.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு முறை பூத்து ஓய்பவை. குளிரை நன்கு தாங்குபவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீன ரோஜாக்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்கள் அதற்கு உதவின, கல்கத்தாவின் தாவரவியல் தோட்டமும் ஓர் இடைத்தங்கலாக இருந்தது. அவை ஓயாமல் பூப்பவை, குளிர் தாங்காதவை. இரண்டையும் கலந்தபோது ஓயாத பூப்பும் வந்தது, குளிரச்சமும் உடன் வந்தது. இன்று கடையில் மஞ்சளாகச் சிரிக்கும் கொடி ரோஜா, பெரும்பாலும் அந்த வெப்பநாட்டுக் குருதி மிகுந்தது. அதை ஒட்டாவாவில் நட்டால் அது சாவதில் வியப்பென்ன? பிழைத்தால்தான் வியப்பு.

இந்தக் கணக்கை மாற்றியவர் ஒருவர் அதே ஒட்டாவாவிலேயே இருந்தார். ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா, 1920-இல் வியன்னாவில் பிறந்தவர். 1953-இல் கனடா அரசின் வேளாண்துறையில் சேர்ந்து, ஒட்டாவா மையப் பரிசோதனைப் பண்ணையில் பணியாற்றினார். 1960களின் தொடக்கத்திலிருந்து ரோஜா இனவிருத்தியில் இறங்கினார். அவருடைய முறை இரக்கமற்றது: நாற்றுகளைப் போர்த்தாமலும் மருந்தடிக்காமலும் வெட்டவெளியில் குளிருக்கு விட்டுவிடுவார். செத்தவை போக எஞ்சியவற்றிலிருந்து அடுத்த கலப்பு. ஜெர்மனியின் வில்ஹெல்ம் கோர்டெஸ், ஏறத்தாழ மலடு எனக் கருதப்பட்ட ஒரு ரோஜாவில் அரிதாகக் கிடைத்த விதையிலிருந்து உருவாக்கிய 'கோர்டெஸி' என்னும் இனம் அவருக்குப் பெருந்துணையாயிற்று. அதிலிருந்துதான் 1978-இல் 'ஜான் கேபட்', 1983-இல் 'வில்லியம் பாஃபின்', 1984-இல் 'ஹென்றி கெல்சி', 1986-இல் 'ஜான் டேவிஸ்' ஆகியவை வெளிவந்தன. எல்லாம் கனடாவுக்குக் கப்பலோட்டி வந்தவர்கள், அந்நிலத்தை ஆராய்ந்தவர்கள் பெயர்கள். (நிலத்தைக் 'கண்டுபிடித்த' ஆடவர் பெயர்கள் வரிசையாக நிற்க, பூவைக் கண்டுபிடித்த பெண்ணின் பெயர் பலருக்குத் தெரியாது. 2016-இல் தம் 95ஆம் வயதில் அவர் மறைந்தார்.) 'வில்லியம் பாஃபின்' கனடாவின் உட்புல்வெளி மாநிலங்களின் குளிரையே போர்வையின்றித் தாங்குகிறது. வளைவில் கட்டினால் எட்டு பத்தடி ஏறும். சொந்த வேரிலேயே வளரும், ஒட்டு வேண்டியதில்லை. பூ அடர் இளஞ்சிவப்பு. மஞ்சள் கிடையாது, மணமும் அதிகமில்லை. அந்த இழப்பை ஒப்புக்கொண்டே தீரவேண்டும்.

தங்கை முதலில் இணங்கவில்லை. "மஞ்சள்தானே அண்ணே கேட்டேன்" என்றாள். எனக்கும் வருத்தந்தான். ஆனாலும் அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே வெள்ளைப் பூச்செடியை எடுத்துவிட்டுப் 'பாஃபினை' நட்டோம். தூரில் இடக் கொஞ்சம் கோவில் புற்றுமண் கொண்டுவந்திருக்கக்கூடாதா என்று கேட்டாள். வெளிநாட்டு மண்ணை விமானத்தில் கொண்டுவர அந்நாட்டில் தடை என்பதை அவளே அறிவாள்.

இனி நம் பக்கம். கனடா அரசு தன் குளிருக்கென்று ரோஜா செய்தது போல, நம் வெயிலுக்கென்று ரோஜா செய்தவர் யார்? தில்லியில் செய்தார்கள். கோதுமை அறிவியலறிஞர் பி. பி. பால் தாமே பல ரோஜா இனங்களை உருவாக்கியவர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்தும் பல இனங்கள் வந்தன. ஆனால் தில்லியின் ரோஜாப் பருவம் அதன் குளிர்காலம். அந்தக் குளிர் சங்கரன்கோவிலுக்கு ஏது? உதகையில் 1995-இல், நூறாவது மலர்க்காட்சியை ஒட்டி, அரசு ரோஜாத் தோட்டம் அமைத்தார்கள். 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்குச் சிறந்த தோட்டத்துக்கான விருதளித்தது. பெருமைதான், நானும் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் உதகையில் வாழும் ரோஜா உதகைக்குத்தான் சாட்சி. அங்கே பூத்ததைக் கண்டு மயங்கி வீட்டுக்கு ஒன்று வாங்கி வரும் சமவெளிக்காரன், அடுத்த சித்திரையில் தன் கையையே நொந்துகொள்கிறான்.

வெப்பநாட்டு ரோஜா என்ற நோக்கத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் கொடைக்கானலில் இருந்த ஒரு தம்பதியர்: எம். எஸ். வீரராகவன், கிரிஜா வீரராகவன். ஆட்சிப்பணியை விட்டு மலையேறியவர் அவர். வெள்ளத்தில் நின்றாலும் வெயிலில் காய்ந்தாலும் சாகாத 'கிளைனோஃபில்லா' என்னும் நம் நாட்டுக் காட்டு ரோஜாவையும், மணிப்பூர் மலைகளில் மரமேறிப் படரும் 'ஜைகான்டியா'வையும் கலப்புக்கு எடுத்தார்கள். 'சிரோஹி சன்ரைஸ்', 'மணிப்பூர் மேஜிக்' என்ற பெயர்களே வந்த வழியைச் சொல்லும். ஒரு ரோஜாவுக்குத் தாவரவியலறிஞர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பண்பு என்னைக் கவர்ந்தது. ஆனால் ஒட்டாவாவில் ஓர் அரசுப் பண்ணை செய்த வேலையை இங்கே ஒரு வீட்டுத் தோட்டம் செய்யவேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தச் செடிகள் எங்கள் தெருவில் விற்பவரின் வண்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப் பட்டியலில் ரோஜா இல்லை. ஆனால் குறிஞ்சி நிலத்தில் இருக்கிறது. நீலகிரி, பழனி மலைகளின் சோலை ஓரங்களில் வெள்ளையாகப் பூத்துப் படரும் கொடி ரோஜா ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் இருந்து தென்னிந்தியாவைச் சுற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயரால் 'லெஷனோல்டியானா' என்கிறார்கள். மார்கழி உறைபனியையும் ஆடிக் காற்றையும் அது யாருடைய கைராசியும் இன்றித் தாங்கிக்கொண்டிருக்கிறது. நாம் உதகைக்குச் செல்வதோ வெளிநாட்டு ரோஜாவைக் காண.

சமவெளிக்கும் வழியில்லாமல் இல்லை. பன்னீர் ரோஜா என்று நாம் சொல்லும் எட்வர்ட் ரோஜா, இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவில், அந்த வெப்பத்தில் தற்செயலாகப் பிறந்த கலப்பு. அதனால்தான் நம் வெயில் அதற்குப் புதிதன்று. குச்சி வெட்டி வைத்தாலோ பதியன் போட்டாலோ சொந்த வேரில் வளரும். கருகினாலும் அதே பூவோடு மீளும். சித்தி இதை ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "அது மாலைக்குப் போற பூவுல்லா. வீட்டுக்குப் பெரிய ரோசாதானே அழகு" என்றார். சென்ற ஐப்பசி மழையில் பதியன் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கவில்லை. "நீயே வச்சிட்டுப் போப்பா" என்று கிணற்றடியைக் காட்டினார். வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதங் கழித்துப் போனபோது செடியைச் சுற்றிப் பாத்தி வெட்டி, ஆடு மேயாமலிருக்க முள் அடைத்திருந்தது. யார் செய்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒட்டாவாவிலிருந்து சென்ற மே மாதம் தொலைபேசி வந்தது. இரண்டு குளிர்காலம் கடந்தாயிற்று. இரண்டாவதில் போர்வைகூடப் போடவில்லையாம். தண்டுகள் நுனிவரை பச்சையாக இருக்கின்றன, ஆனால் நெருக்கமாகத் தெரிவதால் வெட்டிவிடலாமா என்று கேட்டாள். வெட்டாதே, பழைய தண்டில்தான் பூ வரும், வளைத்துக் கட்டு என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ரெண்டை வெட்டிட்டேனே அண்ணே" என்றாள். மீதி எத்தனை என்று கேட்டேன். ஐந்து என்றாள்.